ஆன்லைனில் இன்ஸ்ட்ரக்‌ஷனல் டிசைன் மாஸ்டர்ஸ்: மூன்று விண்ணப்பங்கள், ஏழு மாதங்கள்

இன்ஸ்ட்ரக்‌ஷனல் டிசைன், அதாவது பாடங்களையும் பயிற்சிகளையும் திட்டமிட்டு வடிவமைக்கிற துறை, அதில் ஆன்லைனில் மாஸ்டர்ஸ் படிக்க மூன்று அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்தேன். முதலாவது ஒன்பதே நாளில் இடம் கொடுத்தது. இரண்டாவது முடியாது என்று சொல்லிவிட்டது. மூன்றாவது நான்கு மாதம் காக்க வைத்து, கேள்வி மேல் கேள்வி கேட்டு, கடைசியில் இடம் கொடுத்தது. நான் சேரப்போவது அந்த மூன்றாவதில்தான். ஒன்பது நாளில் கிடைத்ததை விட்டுவிட்டு ஏன் இதற்குப் போகிறாய் என்று வீட்டிலும் ஆபீஸிலும் எல்லோரும் கேட்டுவிட்டார்கள். அவர்களுக்குச் சொன்ன பதிலைத்தான் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன். நான் தேடிய நேரத்தில் இதைப் பற்றித் தமிழில் உருப்படியாக எதுவும் என் கண்ணில் படவில்லை.

பல்கலைக்கழகங்களின் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஒருத்தியின் அனுபவத்தை வைத்து ஒரு நிறுவனத்தையே எடை போடுவது சரியில்லை. ஆனால் நடந்தது ஒவ்வொன்றையும் நடந்தபடியே சொல்கிறேன்.

முதலில் என்னைப் பற்றி. பி.எஸ்சி. இயற்பியல், பி.எட். திருச்சி பக்கம் ஒரு பள்ளியில் நான்கு வருடம் பிளஸ் ஒன், பிளஸ் டூ வகுப்புக்குப் பாடம் எடுத்தேன். பிறகு சென்னை வந்து ஏழு வருடமாக ஒரு இ-லேர்னிங் கம்பெனியில் வேலை. பாடத்தை வடிவமைப்பதுதான் என் வேலை, எங்கள் ஆபீஸில் இன்ஸ்ட்ரக்‌ஷனல் டிசைன் என்பதைச் சுருக்கி ‘ஐடி’ என்றுதான் சொல்வோம், படம் போடுகிறவர் ‘ஜிடி’, விஷயம் தெரிந்தவர் ‘எஸ்எம்இ’. வெளிநாட்டு கிளையன்ட் நூற்றுச் சொச்சம் ஸ்லைடு உள்ள ஒரு பவர்பாயிண்ட் கோப்பை (பிபிடி) அனுப்புவார், எஸ்எம்இ ஒரு மணி நேரம் போனில் பேசுவார், ஐந்து நாளில் ஸ்டோரிபோர்டு, அதாவது திரை திரையாக எழுதிய பாடத் திட்டம், கொடுக்க வேண்டும், அப்புறம் வாய்ஸ் ஓவர், ஆல்ஃபா, பீட்டா, கோல்டு என்று அடுத்தடுத்த பதிப்புகளாகப் போய்க்கொண்டே இருக்கும். ‘புரிந்துகொள்வார்கள்’ என்று பாடத்தின் நோக்கத்தில் எழுதாதே, ‘விளக்குவார்கள்’, ‘பட்டியலிடுவார்கள்’ என்று எழுது என்று முதல் வாரமே சொல்லிக்கொடுத்தார்கள். என் டேபிளுக்கு முன்னால், இப்படி நோக்கம் எழுத ஏற்ற சொற்களைக் கொடுக்கும் புளூம் வினைச்சொல் அட்டவணை ஏழு வருடமாக ஒட்டியிருக்கிறது. ஏன் அப்படி எழுத வேண்டும் என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. அதைவிட முக்கியமாக, இந்தப் பயிற்சி அந்த ஊழியருக்குத் தேவையா, தேவையில்லையா என்று கேட்கிற இடத்தில் நான் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. பிபிடி வந்து சேரும்போது அந்த முடிவு எங்கேயோ எடுக்கப்பட்டிருக்கும். அந்தக் கேள்வியைக் கேட்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றுதான் படிக்க நினைத்தேன்.

இந்தத் துறை பிறந்து வளர்ந்ததே அமெரிக்காவில்தான், அதுவும் பெரும்பாலும் ராணுவத்தை ஒட்டி. இரண்டாம் உலகப் போரில் விமானப்படைக்கு ஆள் தேர்வு, பயிற்சி வேலைகளில் இருந்த உளவியலாளர்களில் ஒருவர் ராபர்ட் கான்யே. பாடம் நடத்துவதற்கு ஒன்பது நிகழ்வுகள் என்று நாங்கள் இன்றைக்கும் பின்பற்றும் வரிசை அவருடையது. கற்றலைப் படிநிலைகளாகப் பிரிக்கும் புளூமின் வகைப்பாடு வந்தது 1956இல். ஆய்வு, வடிவமைப்பு, உருவாக்கம், நடைமுறை, மதிப்பீடு என்கிற ஆடீ மாடல் 1975இல் ஃப்ளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகம் அமெரிக்க ராணுவத்துக்காகச் செய்த வேலையிலிருந்து வந்தது. கான்யேயும் பின்னாளில் அங்கேதான் பேராசிரியராக இருந்தார். அதனால் இந்தத் தொழிலில் இருக்கிற யாரும் மாஸ்டர்ஸ் என்று தேடினால் ஃப்ளோரிடா ஸ்டேட், இண்டியானா, பர்டூ, ஜார்ஜியா என்ற பெயர்கள்தான் முதலில் வரும், பிரிட்டன் பக்கம் பார்த்தால் எடின்பரோவின் டிஜிட்டல் எஜுகேஷன் படிப்பு. நான் விண்ணப்பித்த மூன்றும் இந்தப் பட்டியலில் இல்லாதவை, என் கைக்கு எட்டுகிற கட்டணத்தில் இருந்த மாநிலப் பல்கலைக்கழகங்கள். மூன்றும் அங்கீகாரம் உள்ளவைதான். அமெரிக்கக் கல்வித்துறையே அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனங்களின் பட்டியலை இணையத்தில் வைத்திருக்கிறது. கட்டணம் கட்டுவதற்கு முன்னால் அதில் பெயர் இருக்கிறதா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஆபீஸில் என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இது. முழுக்க ஆன்லைனில் நடக்கும் படிப்பை வைத்து அமெரிக்கா போக முடியாது. எஃப்-1 என்கிற மாணவர் விசாவுக்கு வேண்டிய ஐ-20 படிவம் இந்தப் படிப்புக்குத் தரமாட்டார்கள், படித்து முடித்த பிறகு அங்கே வேலை பார்க்க அனுமதிக்கும் ஓபிடி-யும் கிடையாது. அதற்காகத்தான் படிக்கிறீர்கள் என்றால் இது உங்களுக்கான வழி இல்லை. அதேபோல இந்தியாவில் அரசு வேலைக்கோ கல்லூரி ஆசிரியர் வேலைக்கோ இந்தப் பட்டத்தைக் காட்டப் போகிறீர்கள் என்றால், வெளிநாட்டு ஆன்லைன் பட்டத்துக்கு இங்கே இணைச் சான்று கிடைக்குமா என்று முதலில் விசாரித்துவிட்டு அப்புறம் பணம் கட்டுங்கள். எனக்கு இரண்டும் தேவைப்படவில்லை.

சரி, முதல் பல்கலைக்கழகம். இணையதளத்தில் ‘விவரம் வேண்டும்’ என்ற இடத்தில் போன் நம்பரைக் கொடுத்தேன், அன்று இரவு பதினொரு மணிக்கே அழைப்பு வந்தது. பேசியவர் தன்னைச் சேர்க்கை ஆலோசகர் என்று சொன்னார். மிக நன்றாகப் பேசினார், என் பெயரைச் சரியாக உச்சரிக்க முயற்சி எடுத்துக்கொண்டார், அதெல்லாம் பிடித்திருந்தது. விண்ணப்பக் கட்டணம் ரத்து, ஜிஆர்இ நுழைவுத் தேர்வு வேண்டாம், பரிந்துரைக் கடிதம் ஒன்று போதும், அதுவும் பிறகு கொடுக்கலாம் என்றார். மறுநாள் மறுபடியும் அழைத்தார். அதற்கு மறுநாளும். நான் கேட்டது ஒரே கேள்விதான்: முதல் செமஸ்டரில் வரும், ஒரு பயிற்சி தேவையா என்று கண்டறியும் தேவை ஆய்வுப் பாடத்தில் மாணவர்கள் உண்மையான ஒரு நிறுவனத்தோடு வேலை செய்வார்களா, இல்லை புத்தகத்தில் இருக்கும் கேஸை வைத்துச் செய்வார்களா? விசாரித்துச் சொல்கிறேன் என்றார். மூன்றாவது முறை கேட்டபோது அவர் சொன்னதிலிருந்துதான் புரிந்தது, அவர் பல்கலைக்கழகத்தின் ஆள் இல்லை. மின்னஞ்சல் முகவரி பல்கலைக்கழகத்துடையது, சம்பளம் கொடுப்பது வேறு ஒரு கம்பெனி. அந்தத் துறையின் பேராசிரியர் ஒருவரோடு கூட அவர் பேசியதில்லை.

இப்படி ஒரு தொழிலே இருக்கிறது என்பது எனக்கு அதுவரைக்கும் தெரியாது. இப்படிப்பட்ட கம்பெனிகளை ஓபிஎம் (ஆன்லைன் புரோகிராம் மேனேஜர்) என்கிறார்கள். ஆன்லைன் படிப்புக்கு விளம்பரம் செய்வது, ஆள் பிடிப்பது, சில இடங்களில் பாடத்தைத் தயாரித்துக் கொடுப்பது வரைக்கும் இவர்கள் வேலை. பதிலுக்கு மாணவர் கட்டும் கட்டணத்தில் பங்கு, பல ஒப்பந்தங்களில் பாதி வரைக்கும், சிலவற்றில் அதற்கு மேலும். மாணவரைச் சேர்த்துவிடுவதற்குக் கமிஷன் கொடுக்கக் கூடாது என்று அமெரிக்காவில் சட்டமே இருக்கிறது. ஆனால் ஆள் சேர்ப்போடு மற்ற சேவைகளையும் சேர்த்துக் கொடுக்கும் கம்பெனி கட்டணத்தில் பங்கு வாங்கலாம் என்று 2011இல் அவர்கள் கல்வித்துறை ஒரு விளக்கம் கொடுத்தது, அதற்குப் பிறகு இந்தத் தொழில் பெருகிவிட்டது. நம்மைப் போல வெளிநாட்டில் இருந்துகொண்டு, அங்குள்ள அரசின் கல்வி உதவிக்குத் தகுதி இல்லாதவர்களைச் சேர்ப்பதற்கு அந்தத் தடையே பொருந்தாது. இதை நான் படித்தபோது இரவு பதினொரு மணி அழைப்புகளுக்கு அர்த்தம் விளங்கியது. இந்தத் தொழிலில் பெரிய பெயரான 2யூ, 2021இல் எட்எக்ஸ் என்கிற ஆன்லைன் படிப்புத் தளத்தை 80 கோடி டாலருக்கு வாங்கி, 2024 ஜூலையில் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. என்னை அழைத்தது அவர்கள் இல்லை, வேறொரு கம்பெனி. ஆனால் நாம் இரண்டு வருடம் படிக்கிற படிப்புக்குப் பின்னால் இப்படி ஒருவர் இருக்கிறாரா என்று தெரிந்துகொள்ள நமக்கு உரிமை உண்டு. நேராகக் கேளுங்கள்: நீங்கள் பல்கலைக்கழக ஊழியரா? என் கேள்விக்குப் பதில் சொல்லும் ஆசிரியரின் முகவரி கொடுக்க முடியுமா? இந்த இரண்டு கேள்வி போதும்.

ஒன்பதாவது நாள் அட்மிஷன் கடிதம் வந்தது. நான் எழுதிய ஒரு பக்கக் கட்டுரையை யாராவது படித்தார்களா என்பதற்கு அதில் ஒரு அடையாளமும் இல்லை. 5க்கு 2 கொடுப்பேன், அந்த 2 கூட அந்த ஆலோசகரின் பொறுமைக்காக.

இரண்டாவதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. 60 டாலர் விண்ணப்பக் கட்டணம் வாங்கி, எல்லா ஆவணத்தையும் ஏற்றச் சொல்லி, ஐந்து வாரம் கழித்து, இந்த ஆன்லைன் படிப்புக்கு அமெரிக்காவில் வசிப்பவர்களை மட்டும்தான் சேர்க்கிறோம் என்று இரண்டு வரியில் எழுதினார்கள். விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே எந்த நாட்டில் வசிக்கிறீர்கள் என்று கேட்டு நான் இந்தியா என்று நிரப்பியிருந்தேன். அந்த இடத்திலேயே ஒரு வரி வந்திருந்தால் என் 60 டாலரும் ஐந்து வாரமும் மிச்சமாகியிருக்கும். கற்பவர் எங்கே தடுக்கி விழுவார் என்று முன்கூட்டியே யோசிப்பதுதான் எங்கள் தொழில், அதைச் சொல்லிக்கொடுக்கிற இடத்தில் இது நடந்தது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. கட்டணம் கட்டுவதற்கு முன் ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

மூன்றாவதற்கு வருகிறேன். இதன் விண்ணப்பப் படிவம் மூன்றிலும் மோசமானது, அதை மறைக்கப் போவதில்லை. பாதியில் லாக் அவுட் ஆகும், தேதியை அமெரிக்க முறையில் மாதத்தை முன்னால் போட்டுக் கொடுக்க வேண்டும், அதைப் பதினோராவது பக்கத்தில்தான் சொல்லும். பெயர் விஷயத்தில் நம் ஊர்க்காரர்கள் எல்லோரும் மாட்டுவோம். என் மார்க் ஷீட்டில் பெயருக்குப் பின்னால் ஓர் எழுத்து இனிஷியல். பாஸ்போர்ட்டில் அந்த இனிஷியல் விரிந்து அப்பாவின் முழுப்பெயராகக் குடும்பப் பெயர் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. பி.எட். சான்றிதழில் இனிஷியல் முன்னால். அவர்கள் கண்ணுக்கு இது மூன்று வேறு வேறு ஆட்கள். நோட்டரியிடம் போய், இந்த மூன்று பெயரும் ஒரே ஆளைக் குறிக்கும் என்று அஃபிடவிட் வாங்கி ஏற்றினேன். பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அதே எழுத்துக்கூட்டலை எல்லா இடத்திலும் கொடுங்கள், ஆங்கிலத் தேர்வுப் பதிவிலும் அப்படியே.

டிரான்ஸ்கிரிப்ட்தான் பெரிய வேலை. அமெரிக்கர்களுக்கு மார்க் ஷீட் ஜெராக்ஸ் போதாது. நாம் படித்த பல்கலைக்கழகமே செமஸ்டர் வாரியாக மதிப்பெண் போட்டு, கவரில் வைத்து ஒட்டி, ஒட்டிய மடிப்பின் மேல் கையெழுத்தும் சீலும் வைத்துத் தர வேண்டும். பிறகு அது மதிப்பீட்டு நிறுவனத்துக்குப் போக வேண்டும். அதிகம் பேர் போவது 1974இலிருந்து இயங்கும் வெஸ் என்கிற வேர்ல்டு எஜுகேஷன் சர்வீசஸுக்கு. அவர்கள் நம் படிப்பை அமெரிக்கக் கணக்குக்கு மாற்றி, கிரெடிட்டும் (பாடத்தின் அளவு) ஜிபிஏவும் (சராசரி மதிப்பெண்) போட்டு அறிக்கை தருவார்கள். பாடம் பாடமாகப் பிரித்துக் காட்டும் அறிக்கையைத்தான் பெரும்பாலும் கேட்கிறார்கள், மலிவானது என்று சுருக்க அறிக்கையை வாங்கிவிட்டு மறுபடி பணம் கட்டாதீர்கள். நம் மூன்று வருட பி.எஸ்சி.யை நான்கு வருட அமெரிக்கப் பட்டத்துக்குச் சமமாக எடுத்துக்கொள்வார்களா என்பது கல்லூரிகளைத் தரம் பிரிக்கும் நாக் (NAAC) அமைப்பு உங்கள் கல்லூரிக்குக் கொடுத்த தரத்தையும் நீங்கள் பாஸான வகுப்பையும் பொறுத்தது, சில பல்கலைக்கழகங்கள் எப்படியும் ஒப்புக்கொள்வதில்லை. இதையும் முன்னாலேயே கேட்டுவிட வேண்டும். எனக்குப் பி.எட். கூட இருந்ததால் அந்தக் கேள்வி எழவில்லை.

நான் படித்த இடத்தில் டிரான்ஸ்கிரிப்ட் வாங்க இரண்டு முறை பஸ் பிடித்துப் போனேன். முதல் முறை டிடியில் பதவிப் பெயர் ஒரு சொல் தவறு என்று திருப்பி அனுப்பினார்கள், வங்கியில் ரத்து செய்து வேறு டிடி எடுக்க ஒரு நாள். இரண்டாவது முறை எல்லாம் சரி, கவர் கையில் வந்தது, வெளியே வந்து பார்க்கிறேன், மடிப்பின் மேல் சீல் இருக்கிறது, கையெழுத்து இல்லை. திரும்ப மாடி ஏறினேன். மதிய சாப்பாட்டு நேரம். அங்கே இருந்த ஒரு அம்மா, டிஃபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டு வந்து, “எந்த நாட்டுக்கும்மா?” என்று கேட்டுக்கொண்டே கவரை வாங்கி உள்ளே எடுத்துப்போய்க் கையெழுத்து வாங்கித் தந்தார். கவரை வாங்கியதும் அங்கேயே நின்று பாருங்கள்: மடிப்பின் மேல் சீல், சீலின் மேல் கையெழுத்து, வெளியே உங்கள் பெயரும் வெஸ் கொடுத்த ரெஃபரன்ஸ் எண்ணும். கவரை நீங்கள் பிரித்தால் அது செல்லாது.

பரிந்துரைக் கடிதங்கள் மூன்று கேட்டார்கள். ஆபீஸ் மேனேஜர், எங்களோடு வேலை பார்த்த ஒரு எஸ்எம்இ, அப்புறம் என் பழைய பள்ளியின் தலைமை ஆசிரியை. மேடத்துக்குப் பள்ளி மின்னஞ்சல் முகவரி கிடையாது, ஜிமெயில்தான், அதைப் படிவம் ஏற்கவில்லை. சேர்க்கை அலுவலகத்துக்கு எழுதினேன், பள்ளி லெட்டர்ஹெட்டில் ஸ்கேன் செய்து அனுப்பலாம் என்று ஒரு வாரம் கழித்துப் பதில் வந்தது. போனில் மேடத்திடம் சொன்னபோது, “நீ பசங்களுக்கு லேப்ல சொல்லிக்கொடுத்ததைத்தான் எழுதுவேன், பெரிய பெரிய வார்த்தையெல்லாம் எனக்கு வராதும்மா” என்றார். “அதையே எழுதுங்க மேடம், அதுதான் வேணும்” என்றேன். பின்னால் இன்டர்வியூவில் பேராசிரியர் அந்தக் கடிதத்திலிருந்துதான் முதல் கேள்வியைக் கேட்டார்.

இவ்வளவு குறை சொல்லிவிட்டு ஏன் இதையே தேர்ந்தெடுத்தேன் என்றால், படிவத்தைத் தாண்டி துறை தானாகக் கேட்டிருந்த இரண்டு விஷயங்களால்.

ஒன்று கட்டுரை. வழக்கமாக ‘ஏன் இந்தப் படிப்பு, ஏன் எங்கள் பல்கலைக்கழகம்’ என்றுதான் கேட்பார்கள். இவர்கள் கேட்டது: நீங்கள் சொல்லிக்கொடுத்தும் கற்பவர் கற்றுக்கொள்ளாமல் போன ஒரு சந்தர்ப்பத்தைச் சொல்லுங்கள், காரணம் என்ன என்று அப்போது நினைத்தீர்கள், இப்போது என்ன நினைக்கிறீர்கள்? மூன்று வாரம் எடுத்துக்கொண்டேன். பிளஸ் ஒன் பிராக்டிகலில் சிறு நீளங்களை அளக்கப் பயன்படும் வெர்னியர் காலிப்பர் பற்றி எழுதினேன். தாடைகளை மூடினால் பூஜ்யம் பூஜ்யத்தோடு பொருந்த வேண்டும், பொருந்தாவிட்டால் பூஜ்யப் பிழை, திருத்தத்தை எதிர்க் குறியில் போட வேண்டும். நான்கு வருடமும் வகுப்பில் பாதிப் பேர் குறியை மாற்றிப் போட்டார்கள். விதியை மனப்பாடம் செய்ய வைத்தேன், அப்போதும் அதே தவறு. பசங்கள் கவனிக்கவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். கட்டுரைக்காக உட்கார்ந்து யோசிக்கும்போதுதான் ஞாபகம் வந்தது, பிழை உள்ள காலிப்பர்களை எல்லாம் நான் தனியாக எடுத்து அலமாரியில் பூட்டி வைத்திருந்தேன். நல்ல கருவியை மட்டுமே அவர்கள் கையில் கொடுத்தேன். பூஜ்யம் தள்ளி நிற்பதை ஒரு பிள்ளையும் தன் கண்ணால் பார்த்ததில்லை, பார்க்காத ஒன்றுக்குக் குறி போடச் சொல்லியிருக்கிறேன். இதை எழுதி முடித்த அன்று இரவு சரியாகத் தூங்கவில்லை. ஒரு விண்ணப்பக் கேள்வி என்னை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது, அதற்கு நான் அந்தத் துறைக்குக் கடன்பட்டிருக்கிறேன்.

இரண்டாவது, ஒரு மாதிரிப் படைப்பு. இங்கே நம் ஊர் இ-லேர்னிங் ஆட்கள் எல்லோருக்கும் ஒரே பிரச்சினை: ஏழு வருடத்தில் நான் செய்த எதுவும் என்னுடையது இல்லை, எல்லாம் என்டிஏ என்கிற ரகசியக் காப்பு ஒப்பந்தத்துக்குள் இருக்கிறது. கிளையன்ட் பெயரை அழித்துவிட்டு அனுப்பலாம் என்று சிலர் சொன்னார்கள், அது தப்பு, செய்யாதீர்கள். புதிதாக ஒன்று செய்துவிடலாம், ஒரே பக்கமாக இருந்தாலும் போதும். நான் அம்மாவுக்காக இன்சுலின் பேனா போடும் முறையை ஒரு தாளில் செய்தேன். அம்மா போடுவதை மூன்று நாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன், ஒவ்வொரு நாளும் பட்டனை அழுத்தி முடித்ததும் ஊசியை உடனே வெளியே எடுத்தார், ஊசி முனையிலிருந்து ஒரு சொட்டு வயிற்றில் வழிந்தது. அழுத்தியபடியே பத்து வரை எண்ண வேண்டும், அது பேனாவோடு வந்த தாளில் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் இருக்கிறது. என் முதல் வரைவில் ‘10 விநாடி காத்திருக்கவும்’ என்று தமிழில் பெரிதாகவே எழுதியிருந்தேன். அம்மா, எதிர் வீட்டு மாமி, என் அத்தை மூன்று பேரிடமும் கொடுத்துப் பார்த்தேன், மூன்று பேருமே காத்திருக்கவில்லை. கண் படத்தைத்தான் பார்க்கிறது, படத்தில் அடுத்து ஊசியை எடுக்கிற கைதான் இருந்தது. இரண்டாவது வரைவில் கட்டைவிரல் பட்டனை அழுத்திக்கொண்டிருக்கும் படத்தைப் பெரிதாக்கி, அதற்குப் பக்கத்திலேயே 1, 2, 3 என்று 10 வரைக்கும் எண்களைத் தாளின் அகலத்துக்கு வரிசையாகப் போட்டேன். மூன்று பேரும் வாய்விட்டு எண்ணினார்கள். அந்தத் தாள், முதல் வரைவு, யார் எங்கே தவறினார்கள் என்று நான் எழுதி வைத்த குறிப்பு, மூன்றையும் ஆங்கில விளக்கத்தோடு அனுப்பினேன்.

இன்டர்வியூ ஜூமில் முப்பது நிமிடம், படிப்பின் ஒருங்கிணைப்பாளரான பேராசிரியரே வந்தார். நல்ல வரைவைப் பற்றி அவர் கேட்கவே இல்லை, தோற்ற வரைவைத் திரையில் போட்டு, இது தோற்கும் என்று சோதிக்காமலே கண்டுபிடித்திருக்க முடியுமா என்று கேட்டார். முடியாது என்று நினைக்கிறேன் என்றேன். இன்னொரு தடவை யோசியுங்கள் என்று சொல்லிவிட்டு அப்படியே காத்திருந்தார். நான் யோசித்து, நான் அதை வரையும்போது என் கையில் பேனா இல்லை, நாற்காலியில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் வரைந்தேன், நானே ஒருமுறை அந்தத் தாளைப் பார்த்துச் செய்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் என்றேன். அவர் தலையசைத்து எதையோ எழுதிக்கொண்டார். என் வேலையைப் பற்றி ஏழு வருடத்தில் யாரும் என்னிடம் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. பிறகு நான் முதலாவது பல்கலைக்கழகத்திடம் கேட்ட அதே கேள்வியைக் கேட்டேன். உண்மையான நிறுவனத்தோடுதான் செய்வார்கள், உங்கள் ஊரிலேயே ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும், மருத்துவமனை, பள்ளி, தொண்டு நிறுவனம் எதுவாக இருந்தாலும் சரி என்றார். பதில் வர ஒரு நிமிடம் கூட ஆகவில்லை.

கட்டணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரிப் படிப்புகள் பெரும்பாலும் 30லிருந்து 36 கிரெடிட் வரைக்கும். எனக்கு 36 கிரெடிட், கிரெடிட்டுக்கு 480 டாலர், மொத்தம் 17,280 டாலர். டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்தாலே பதினான்கரை லட்சத்தைத் தாண்டுகிறது, டெக்னாலஜி கட்டணம் தனி. செமஸ்டருக்கு இரண்டு பாடம் என்று எடுத்து இரண்டு வருடத்தில் பிரித்துக் கட்டுகிறேன். இங்கிருந்து பணம் அனுப்பும்போது ஒரு நிதியாண்டில் 10 லட்சத்துக்கு மேல் போனால் டிசிஎஸ் என்கிற வரியை முன்கூட்டியே பிடிப்பார்கள், அதனால் எந்தத் தவணை மார்ச்சில், எது ஏப்ரலில் என்று பார்த்துக் கட்டுவது நல்லது. விண்ணப்பத்துக்கு மட்டும், ஆங்கிலத் தேர்வு, வெஸ், கூரியர், டிடி, நோட்டரி எல்லாம் சேர்த்து எனக்கு ஏறக்குறைய 60,000 ரூபாய் ஆனது. ஆங்கில வழியில் படித்த கடிதமே போதும் என்று முதலாவது சொன்னது, மூன்றாவது டோஃபெல் ஆங்கிலத் தேர்வு கேட்டது, அந்த மதிப்பெண் இரண்டு வருடத்துக்குத்தான் செல்லும்.

கடைசித் தேதியைப் பற்றி ஒரு வார்த்தை. இரவு 11:59 ஈஸ்டர்ன் நேரம் என்று போட்டிருந்தால் கோடையில் அது நமக்கு மறுநாள் காலை 9:29. நேரலை வகுப்புகளுக்கும் இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். என் படிப்பில் வாரம் ஒரு நேரலை வகுப்பு, அங்கே செவ்வாய் மாலை ஏழு மணி, எனக்குப் புதன் விடிகாலை நான்கரை. நவம்பரில் அவர்கள் கடிகாரத்தை மாற்றியதும் ஐந்தரை. ஆன்லைன் என்றால் எப்போது வேண்டுமானாலும் படிக்கலாம் என்று நினைத்துச் சேர்ந்துவிடாதீர்கள், எத்தனை வகுப்பு நேரலை என்று கேளுங்கள்.

மூன்றாவதற்கு 5க்கு 4. ஒன்றைக் குறைத்தது அந்தப் படிவத்துக்காக. கடிதம் வந்ததும் பேராசிரியருக்கு நன்றி சொல்லி எழுதினேன், அதோடு படிவத்தில் நான் தடுக்கிய ஏழு இடங்களையும் பக்க எண்ணோடு எழுதி அனுப்பினேன். சேர்க்கை அலுவலகத்துக்கு அனுப்பி வைத்திருக்கிறேன் என்று பதில் போட்டார். தேதியின் முறையை இப்போது முதல் பக்கத்திலேயே சொல்கிறார்கள், போன வாரம் போய்ப் பார்த்தேன். மற்ற ஆறும் அப்படியேதான் இருக்கின்றன.

ஆகஸ்ட் கடைசியில் வகுப்பு தொடங்குகிறது. தேவை ஆய்வுக்கு எங்கள் தெருவில் இருக்கும் டயாபடிஸ் கிளினிக்கில் பேசியிருக்கிறேன், நர்ஸ் அக்கா வரச் சொல்லியிருக்கிறார். நீங்கள் அடுத்த வருடத்துக்கு விண்ணப்பிப்பதாக இருந்தால் டிரான்ஸ்கிரிப்ட் வேலையை இந்த மாதமே தொடங்குங்கள், போகும்போது ஒரு கவர் மட்டும் கேட்காமல் கட்டணம் கட்டி மூன்று கவராகக் கேட்டு வாங்குங்கள். என்னிடம் ஒன்று மிச்சம் இருக்கிறது, பீரோவில் பாஸ்போர்ட்டுக்குக் கீழே வைத்து, யாரும் பிரித்துவிடாதீர்கள் என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன்.